மச்சீத்தோவின் மச்சான்

1987இல் தவக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் பேண்டு செட்டின் டிரம்பெட்காரர் பிரான்சுக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய தாத்தா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். என் தாத்தாவுக்கு அந்த ஆறு மாதத்தில் நேரம் கிடைக்கவில்லையாம். பாண்டிச்சேரி உப்பளம் பகுதியில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பத்து வீடுதான். அவர் பேரன் விமானம் ஏறினார். அவர் விட்டுப்போன டிரம்பெட் என் மடியில் வந்து விழுந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன், ஓரளவு நன்றாகவே. மாஸ்டர் அந்த டிரம்பெட்டைப் பெட்டியோடு என்னிடம் நீட்டி, “ஈஸ்டர் முடிஞ்சா வில்லியனூர் லூர்து மாதா கோவில் திருவிழா. பதினஞ்சு நாள் இருக்கு. ஊதிடு” என்றார். புது ஆளைத் தேட அவரிடம் காசும் இல்லை, பொறுமையும் இல்லை.

கிளாரினெட் தெரிந்தவனுக்கு டிரம்பெட் என்ன பெரிய விஷயம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இரண்டும் வாயில் வைத்து ஊதுவதுதானே. கிளாரினெட்டில் சத்தம் போடுவது நாணல் பட்டை. கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து, பட்டையைக் கவ்வி, காற்றை விட்டால் அது அதிரும். டிரம்பெட்டில் பட்டையே கிடையாது. உங்கள் உதடுதான் பட்டை. மவுத்பீஸ் வெறும் கிண்ணம். அப்புறம் விரல். கிளாரினெட்டில் பத்து விரலுக்கும் வேலை இருக்கும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வழி இருக்கும். டிரம்பெட்டில் மூன்றே பிஸ்டன். ஒன்றையும் அழுத்தாமல் சும்மா பிடித்துக்கொண்டே ஸ, ப, மேல் ஸ, அதற்கு மேல் க, ப என்று ஏறலாம். எது வர வேண்டும் என்று விரல் சொல்லாது, உதடு சொல்ல வேண்டும். நாலாம் நாள் என் மேலுதடு நெல்லிக்காய் போல வீங்கிவிட்டது. அம்மா ரசத்தை ஆறவைத்து ஸ்பூனில் கொடுத்தாள்.

அந்த டிரம்பெட்டுக்கு ஒரு வியாதியும் இருந்தது. இரண்டாவது பிஸ்டன் ஒட்டும். மீரட் ஜாலி கோட்டியில் செய்த சரக்கு, பாண்டிச்சேரி உப்புக்காற்று, இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான். வெளியே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே போகிற உப்பை என்ன செய்வது? தேங்காய் எண்ணெய் விட்டேன். மறுநாள் காலையில் மெழுகுபோல இறுகிக் கிடந்தது. மாஸ்டர் திட்டிவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

வில்லியனூரில் எப்படி வாசித்தேன் என்று எழுதப்போவதில்லை. மாதா மன்னித்திருப்பாள்.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூன் 21. அன்றைக்குப் பிரான்சில் தெருவெல்லாம் பாட்டு வைப்பார்கள், அந்தப் பழக்கம் பாண்டிச்சேரியிலும் உண்டு. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குழுவில் டிரம்பெட் வாசித்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். ஜாஸ் மாதிரி இருந்தது, ஆனால் கீழே ஓடிய தாளம் ஜாஸ் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முடிந்ததும் பக்கத்துத் தெரு பென்ஷன்காரர் ஒருவரை மொழிபெயர்ப்புக்கு இழுத்துக்கொண்டு போய் அவனிடம் பேசினேன். பதினைந்து நாள் கதையையும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னான்: மாரியோ பௌசா. அந்த ஆளும் கிளாரினெட்காரர்தானாம், அவர் இரண்டே வாரத்தில் டிரம்பெட் கற்றாராம். “பதினாலு நாள். உன்னைவிட ஒரு நாள் குறைச்சல்” என்று பென்ஷன்காரர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த மனிதரை விடமுடியவில்லை.

பௌசா 1911இல் ஹவானாவில் பிறந்தவர். வளர்த்தது ஞானத்தகப்பன் வீட்டில். அவர் ஒரு சங்கீத வாத்தியார், அதனால் பையனுக்கு எழுத்து வருவதற்கு முன்னால் ஸ்வரம் வந்துவிட்டது. சின்ன வயதிலேயே ஹவானாவின் பில்ஹார்மோனிக்கில் கிளாரினெட் வாசித்தார். 1926இல் ஒரு கியூபக் குழுவோடு ரெக்கார்டிங்குக்காக நியூயார்க் போய், அங்கே கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இவர் கறுப்பர். கறுப்பர்கள் தங்களுக்கென்று ஒரு ஊரையே வைத்துக்கொண்டு, தங்கள் பாட்டைத் தாங்களே வாசித்துக்கொண்டு இருந்ததைப் பதினைந்து வயதில் கண்ணால் பார்த்தவருக்கு ஹவானா பிடிக்குமா? 1930இல் ஒரேயடியாகக் கப்பல் ஏறிவிட்டார்.

இங்கேதான் அந்த இரண்டு வாரக் கதை. அதே சமயத்தில் நியூயார்க் வந்திருந்த அந்தோனியோ மச்சீன் என்ற பாடகருக்கு ரெக்கார்டிங்குக்கு ஒரு டிரம்பெட்காரர் வேண்டும். கியூபப் பாட்டை அதன் குணத்தோடு வாசிக்கத் தெரிந்த ஆள் அந்த ஊரில் கிடைக்கவில்லை. டிரம்பெட் வாங்கிக் கொடு, இரண்டு வாரம் கொடு, நான் வாசிக்கிறேன் என்றார் பௌசா. வாசித்தும் விட்டார்.

இந்தக் கதையை நான் முழுக்க நம்புகிறேன். ஏனென்றால் நான் செய்திருக்கிறேன். பதினாலு நாளில் நல்ல டிரம்பெட்காரன் ஆகமுடியாது. ஆனால் மூச்சு ஏற்கெனவே பழகியிருந்தால், நோட்ஸ் படிக்கத் தெரிந்தால், பாட்டு காதில் இருந்தால், உதட்டை மட்டும் அடித்து உதைத்து வழிக்குக் கொண்டுவரலாம். மேல் ஸ்தாயி வராது. மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. அந்தக் காலத்து ரெக்கார்டும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். போதும்.

போதாது என்பது 1933இல் தெரிந்திருக்கும். அந்த வருடம் சிக் வெப் என்ற டிரம்மரின் பேண்டில் சேர்ந்தார். ஹார்லெமில் சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடத்தில் வாசித்த பேண்டு அது. வெப் கூன் விழுந்த, குள்ளமான மனிதர். நோட்ஸ் படிக்கத் தெரியாதாம், எல்லாம் மனப்பாடம். எங்கள் மாஸ்டரும் அப்படித்தான், வாயால் பாடிக் காட்டுவார், நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜாஸை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்று இந்தக் கியூபாக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தவர் வெப்தான். கொஞ்ச காலத்திலேயே அந்த பேண்டுக்கு முதல் டிரம்பெட்டும் இசைப் பொறுப்பும் பௌசாவிடம் வந்துவிட்டன. 1935இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சின்னப் பெண் பாட வந்து சேர்ந்தபோது இவர் அங்கே இருந்தார்.

அப்புறம் கேப் கேலவேயின் பேண்டு. சம்பளத்துக்கும் பேருக்கும் அதற்குமேல் ஒரு கறுப்பு பேண்டு அன்றைக்கு அபூர்வம். 1939இல் அங்கே பௌசா செய்த ஒரு காரியம்தான் எனக்கு அவருடைய மொத்த வாழ்க்கையிலும் பிடித்தது. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு இளைஞனைத் தெரியும், கெட்டிக்காரன், ஆனால் கேலவே அவனைக் கேட்டுப் பார்க்கப் போவதில்லை. ஒருநாள் சாயங்காலம் பௌசா உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு அவனை அனுப்பிவிட்டார். அவன் பெயர் டிஸ்ஸி கில்லெஸ்பி, பின்னாளில் ஜாஸ் டிரம்பெட்டின் பெரிய பெயர். கேலவேக்குப் பிடித்துப் போய்விட்டது, வேலை கிடைத்தது.

பேண்டு செட்டில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நாங்கள் காய்ச்சலோடு ஊதுவோம், வீட்டில் சாவு விழுந்த பதினாறாம் நாள் ஊதுவோம், நம் இடத்தில் இன்னொருத்தனை ஒரு ராத்திரி உட்காரவைக்க மாட்டோம். அவன் நன்றாக வாசித்துவிட்டால் என்ன ஆவது! நானே இரண்டு மூன்று பையன்களை இப்படித் தடுத்திருக்கிறேன். ஒருவன் இப்போது சென்னையில் ரெக்கார்டிங் வாசிக்கிறான். சரி, அது வேறு கதை.

தலைப்புக்கு வருகிறேன். பௌசா மணந்த பெண் எஸ்தெல்லா. அவளுடைய அண்ணன் ஃபிராங்க் கிரில்லோ பாடகர், மராக்கா என்ற கிலுகிலுப்பையைக் குலுக்குபவர். உலகம் அவரை மச்சீத்தோ என்றே கூப்பிட்டது. மனைவியின் அண்ணன் மச்சீத்தோ! மகன் இதைப் படித்துச் சொன்னபோது நான் டீயைச் சிந்திவிட்டேன். ஸ்பானிய மொழியில் அதற்கு வேறு அர்த்தம் என்று அவன் விளக்க ஆரம்பித்தான். எனக்கு வேண்டாம், எனக்கு இதுவே போதும். 1940இல் மச்சானின் பெயரில் ஒரு பேண்டு தொடங்கியது, அடுத்த வருடம் பௌசா கேலவேயின் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அதில் இசைப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். பேண்டுக்கு ஆப்ரோ கியூபன்ஸ் என்று பெயர். கியூபாக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆப்பிரிக்கா என்று சொன்னால் அந்தக் காலத்தில் கியூபாக்காரர்களே முகம் சுளிப்பார்கள். அதை பேண்டின் பெயரிலேயே முதல் சொல்லாகப் போட்டார்கள்.

அந்த பேண்டு செய்த வேலையைப் புரிந்துகொள்ள எனக்குக் கடலூர் போக வேண்டியிருந்தது.

எங்கள் சைட் டிரம்காரர் கடலூர் முதுநகர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், தாய்மாமன் தவில் வித்வான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு நேரம் இருந்தது. நாங்கள் பாண்டிச்சேரியிலிருந்து வழக்கம்போல ஒரு ஆள் குறைவாக வந்து சேர்ந்திருந்தோம். பேஸ் டிரம் கன்னியகோயிலில் இறங்கிவிட்டது. எல்லைக்கு முந்தைய கடைசிச் சாராயக் கடை அங்கேதான், அதைத் தாண்டிப் போக அவர் கால் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. மண்டபத்துக்குள் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தோம். போனில் பௌசாவின் ‘தங்கா’வைப் போட்டு அண்ணன் காதில் வைத்தேன். 1943இல் பௌசா உருவாக்கியது, லத்தீன் ஜாஸ் என்றால் முதலில் சொல்லப்படுவது அதுதான்.

“அண்ணே, இதுக்குள்ள கிளாவேன்னு ஒண்ணு ஓடுதாம். ரெண்டு குச்சியைத் தட்டுற மாதிரி. பதினாறு அட்சரத்துல அஞ்சு தட்டு. ஒண்ணு, நாலு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு.”

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். டீ கிளாஸை வைத்துவிட்டு பெஞ்சில் விரலால் தட்டினார்.

“என்னடா தம்பி, பெரிய கணக்கு சொல்ற. தகிட தகிட தகதிமி தக தகதிமி.”

எண்ணிப் பாருங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. நான் மூன்று மாதம் போனை முறைத்துப் பார்த்து நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்ததை அவர் அரை கிளாஸ் டீயில் முடித்துவிட்டார்.

கணக்கு சுலபம். கஷ்டம் அதற்கு மேல் இருக்கிறது. முதல் எட்டில் மூன்று தட்டு, அடுத்த எட்டில் இரண்டு. பாட்டு மூன்றிலும் தொடங்கலாம், இரண்டிலும் தொடங்கலாம். தொடங்கிய பிறகு மாறக்கூடாது. மேலே ஓடும் மெட்டின் எடுப்பும் முடிப்பும் அந்த ஐந்து தட்டோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கிளாவே குறுக்கே விழுந்துவிட்டது என்பார்களாம் கியூபாக்காரர்கள். நியூயார்க் ஜாஸ்காரர்களுக்கு இது பழக்கமில்லை. அவர்களுக்கு நான்கு அடி சமமாக நடந்தால் போதும், மேலே எங்கே வேண்டுமானாலும் பறப்பார்கள். பௌசாவுக்கு இரண்டு பக்கமும் வீடு. பத்து வருடம் ஹார்லெம் பேண்டுகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கூட்டமாக எப்படி முழங்கும் என்று உள்ளேயிருந்து கற்றவர். காங்கா, போங்கோ என்ற கியூபக் கொட்டுகள் சொல்வது அவருக்குத் தாய்ப்பால். அந்தத் தாளத்தின் மேல் ஹார்லெம் முழக்கத்தைக் கிளாவே குறுக்கே விழாமல் உட்காரவைத்தார்.

தங்கா பிறந்த கதையும் எங்கள் செட்டில் நடப்பது மாதிரியே இருக்கும். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பியானோக்காரரும் பேஸ்காரரும் சும்மா ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். பௌசா காதில் விழுந்தது. அடுத்த நாள் ரிகர்சலில் அதையே வாசிக்கச் சொல்லி, நீ இதை ஊது, நீ இதை ஊது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாயால் பாடிப் பாடி அடுக்கினார். காகிதம் பிறகுதான்.

அன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பில் நாங்களும் முயற்சி செய்தோம். அண்ணன் சைட் டிரம்மின் விளிம்பில் தகிட தகிட பிடித்தார், நான் தங்காவின் துண்டு ஒன்றை மேலே வைத்தேன், பின்னால் யூஃபோனியம் தடுமாறிக்கொண்டே வந்தது. முப்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஊதியதில்லை. நாலு நிமிடம் போயிருக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா காருக்கு முன்னாலிருந்து என்னிடம் வந்தார். “தம்பி, டெஸ்டிங் முடிஞ்சுதுன்னா பாட்டைப் போடுங்க.”

போட்டோம்.

பௌசாவின் பிற்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மச்சானோடு இருந்தார். 1970களின் நடுவில், பேண்டைச் சின்னதாக்கி வெளிநாடு போவதா என்ற பேச்சில் பிரிந்தார்கள். உறவுக்காரன் பேண்டு அப்படித்தான் முடியும், இதை நான் பார்த்து எழுதுகிறேன். அப்புறம் ரொம்ப காலம் யாரும் அவரைக் கேட்கவில்லை. எண்பது வயதைத் தாண்டிய பிறகு பெரிய பேண்டோடு மறுபடி தங்காவைப் பதிவு செய்தார். 1993 ஜூலையில் இறந்தார்.

அதே வருடம் ஜனவரியில் டிஸ்ஸி கில்லெஸ்பி போய்விட்டார். இவர்கள் இருவருக்கும் நடுவில் கணக்கு தீர்ந்ததா என்று நான் யோசிப்பதுண்டு. 1947இல் தனக்கு ஒரு காங்கா வாசிப்பவர் வேண்டும் என்று டிஸ்ஸி கேட்டபோது சானோ போஸோ என்ற ஹவானாக்காரரை அறிமுகம் செய்ததும் பௌசாதான். டிஸ்ஸியின் கியூப ஜாஸ் அங்கே தொடங்கியது. முப்பது வருடம் கழித்து, 1977இல், டிஸ்ஸி கப்பலில் ஹவானாவுக்குப் போனார். ஒரு இளைஞர் தன் காரில் அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். தான் டிரம்பெட் வாசிப்பவன் என்று வாயைத் திறக்கவில்லை. ராத்திரி மேடையில் அவர் வாசித்ததும் டிஸ்ஸி, என் டிரைவர் கையில் டிரம்பெட் எதற்கு என்று கேட்டாராம். அவர்தான் அர்த்துரோ சாந்தோவால். 1990இல் டிஸ்ஸியோடு ஐரோப்பா சுற்றும்போது கியூபாவுக்குத் திரும்ப மாட்டேன் என்று அமெரிக்காவிடம் அடைக்கலம் கேட்டார், டிஸ்ஸி கூடவே நின்று உதவினார். 1998இல் குடியுரிமை, 2013இல் அந்த நாட்டின் சுதந்திரப் பதக்கம். இன்றைக்கு லத்தீன் ஜாஸ் டிரம்பெட் என்றால் எல்லோரும் சொல்வது சாந்தோவாலைத்தான். அவர் ஏறும் உயரத்துக்கு என் கழுத்தே வலிக்கும். ஆனால் எனக்கு அதற்குப் பின்னால் அந்த 1939 சாயங்காலம்தான் தெரிகிறது. ஒரு கியூபா டிரம்பெட்காரர் உடம்பு சரியில்லை என்று வீட்டில் உட்கார்ந்த சாயங்காலம்.

எங்கள் டிரம்பெட்காரர் 2019 ஜனவரியில் அம்மாவின் காரியத்துக்கு வந்திருந்தார். பாரிசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். போன புதிதில் இரவல் டிரம்பெட் ஒன்றை வைத்து ஊதியிருக்கிறார், அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரர் எல்லோரும் கதவைத் தட்டினார்களாம். பகலில் தூங்க வேண்டும், ராத்திரி வேலை. எப்போது ஊதுவது? விட்டுவிட்டார்.

என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஊதுங்க என்றேன். பல் கட்டியிருக்கிறேன், வேண்டாம் என்றார். ஊதாமல் பிஸ்டன்களை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முதலாவது, மூன்றாவது, கடைசியில் இரண்டாவது. அது உள்ளே போய், ஒரு கணம் நின்று, மெதுவாக மேலே வந்தது.

“இன்னும் ஒட்டுதா?”

“ஒட்டுது அண்ணே.”

“மெஷின் எண்ணெய் விடு.”

“முப்பது வருஷமா அதைத்தான் விட்டுட்டிருக்கேன்.”

அவர் மறுபடியும் அழுத்தினார்.